பாட்டிலுக்குள் வயது ஏறுமா?

சங்க மலரில் விஸ்கியைப் பற்றிக் கட்டுரையா என்று சில அன்பர்கள் முகம் சுளிக்கலாம். குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இன்று பீரோவுக்குள் ஒரு ஸ்காட்ச் பாட்டில் இருப்பது அபூர்வமல்ல. அதன் மதிப்பு எதில் இருக்கிறது என்று தெரியாமல் நான் செய்த தவறை மற்றவர்கள் செய்ய வேண்டாம் என்பதுதான் என் நோக்கம்.

1997-ல் நான் கரக்பூர் ஒர்க்ஷாப்பில் வேலையாக இருந்தபோது, பிரிட்டனுக்குப் போய் வந்த மேலதிகாரி ஒருவர் 12 வருட சிங்கிள் மால்ட் பாட்டில் ஒன்றை எனக்குப் பரிசளித்தார். பழையதாக ஆக மதிப்பு ஏறும் என்று யாரோ சொன்னதை நம்பி, அதைத் துணியில் சுற்றி, பீரோவின் மேல்தட்டில் படுக்க வைத்தேன். என்னோடு வேலை பார்த்த தஞ்சாவூர் நண்பர் ஒவ்வொரு பிரமோஷனுக்கும், ஒவ்வொரு வீட்டுக் கல்யாணத்துக்கும் கேட்பார்: "ஓய், அதை எப்போதான் திறக்கப் போறீர்?" நானும், "இன்னும் வயசாகட்டும் ஓய்" என்பேன். இப்படியே இருபது வருடம் ஓடிவிட்டது.

2020-ல் ஓய்வு பெற்றேன். 2022-ல் கிளாஸ்கோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனோம். கிளாஸ்கோ எனக்குப் புதிய பெயரல்ல. நம் ரயில்வேயின் டபிள்யூ.ஜி. நீராவி எஞ்சின்களில் பல அங்கே கட்டப்பட்டவை. மாப்பிள்ளை எங்களை வடக்கே ஸ்பேசைடு பகுதியில் ஒரு விஸ்கி ஆலைக்கு அழைத்துப் போனார். மாப்பிள்ளைக்கு எதிரே குவளையைத் தொடக் கூச்சமாக இருந்தது. ஆனால் பாய்லரோடு வாழ்ந்தவனுக்கு அந்தச் செப்புக் கொதிகலன்களைப் பார்த்ததும் கூச்சம் போய்விட்டது.

எப்படிச் செய்கிறார்கள்?

பார்லியை ஊறவைத்து முளைகட்டி உலர்த்துவதுதான் மால்ட். உலர்த்தும்போது பீட் என்ற சதுப்பு நிலத்து எரிபொருளின் புகையைக் காட்டினால், அந்தப் புகை வாசனை விஸ்கியில் கடைசிவரை நிற்கும். ஐலா தீவின் லஃப்ராய்க், ஆர்ட்பெக், லாகவுலின் போன்றவை இந்த ரகம். பிறகு மால்ட்டை அரைத்து, வெந்நீரில் கரைத்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள். அதைச் செப்புக் கலத்தில் பொதுவாக இரண்டு முறை காய்ச்சி வடிக்கிறார்கள். செம்பு அலங்காரத்துக்காக அல்ல. கந்தக வாடையை அதுதான் பிடித்துக்கொள்கிறது.

வடித்து வருவது பச்சைத் தண்ணீர் மாதிரி நிறமற்றது. நிறமும் பெரும்பகுதி சுவையும் ஓக் மரப் பீப்பாயிலிருந்துதான் வருகின்றன. அமெரிக்காவில் போர்பன் விஸ்கிக்குப் புதுப் பீப்பாய்தான் வேண்டும் என்பது சட்டம். எனவே அவர்கள் கழித்துப்போட்டவை ஸ்காட்லாந்துக்கு வருகின்றன. அவை வனிலா, தேன் போன்ற வாசனை தரும். ஸ்பெயினின் ஷெரி ஒயின் ஊறிய பீப்பாய் உலர்திராட்சை, பேரீச்சை வாசனை தரும்.

லேபிளைப் படியுங்கள்

'சிங்கிள்' என்றால் ஒரே பீப்பாய் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, ஒரே ஆலை என்றுதான் பொருள். மால்ட் செய்த பார்லி மட்டுமே தானியமாக இருக்க வேண்டும். 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்திலேயே, குறைந்தது 3 வருடம் இருக்க வேண்டும். ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. 2012 நவம்பர் முதல் ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைக்கவும் வேண்டும். நம் காபிக் கணக்கில் சொன்னால், சிங்கிள் மால்ட் ஒரே தோட்டத்துக் கொட்டை. 'பிளெண்டட்' என்பது பீபெரியும் பிளாண்டேஷனும் கலந்து வறுப்பது போல, பல ஆலைகளின் மால்ட்டோடு வேறு தானிய விஸ்கியும் சேர்ந்த கலவை. கலவை என்பதாலேயே மட்டம் என்று நினைக்க வேண்டாம்.

12 என்று போட்டிருந்தால், உள்ளே இருப்பதில் மிக இளையதன் வயது 12. அது பீப்பாயில் கழிந்த காலம் மட்டுமே. கண்ணாடிக்குள் போன பிறகு வயது ஏறாது. ஆலையைச் சுற்றிக்காட்டிய பெண் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். நான் மட்டும் அங்கேயே நின்றுவிட்டேன். 37 வயது என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்த பாட்டிலுக்கு இன்னும் வயது 12தான்!

சுவைப்பது எப்படி?

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கேரமல் நிறம் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. அடி அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில் கொஞ்சமாக ஊற்றி, சில நிமிடம் விடுங்கள். மூக்கைக் குவளைக்குள் நுழைக்காமல், வாயைச் சற்றே திறந்து வைத்து முகர்ந்து பாருங்கள். நேராக இழுத்தால் ஆல்கஹால் நெடி மூக்கை மரக்க வைத்துவிடும். பிறகு ஒரு சிறு மிடறு. நாக்கு முழுதும் பரவ விட்டு விழுங்கி, அதன் பின் எவ்வளவு நேரம் சுவை நிற்கிறது, அது எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். தொண்டையில் எரிச்சல் மட்டும் மிஞ்சினால் அது நல்ல சரக்கல்ல.

அடுத்து, சில சொட்டுத் தண்ணீர். தண்ணீர் விட்டால் கெட்டுவிடும் என்பது வீண் பேச்சு. சுவடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் கணினிக் கணக்கின் மூலம் இதற்கு ஒரு காரணம் காட்டினார்கள்: தண்ணீர் சேர்ந்தால் புகை மணம் தரும் குவையகோல் என்ற பொருள் மேற்பரப்புக்கு வந்து நிற்கிறது. ஆலை நிபுணர்களே பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்துதான் முகர்கிறார்கள். ஐஸ் போட்டால் குளிரில் மணம் அடங்கிவிடும். சோடாவும் கோலாவும் ஊற்றுவதாக இருந்தால் சிங்கிள் மால்ட்டுக்குக் காசு கொடுப்பது வீண்.

விலைக்கு என்ன கணக்கு?

ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. இதைத் 'தேவதைகளின் பங்கு' என்கிறார்கள். 100 லிட்டர் வைத்தால் 12 வருடத்தில் சுமார் 78, 18 வருடத்தில் 70, 25 வருடத்தில் 60 லிட்டர் மிஞ்சும். 12-க்கும் 18-க்கும் இழப்பில் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் விலை பல சமயம் இரண்டு மடங்கு ஆகிறது. மீதியெல்லாம் முடங்கிய முதல், கிடங்குச் செலவு, அருமை, பெயர். இந்தியாவில் வரி வேறு. 150 சதவீதமாக இருந்த இறக்குமதி வரியை முதலில் 75 ஆகவும், பத்தாண்டில் 40 ஆகவும் குறைக்க 2025 ஜூலையில் பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தானது.

எனவே விலை இரண்டு மடங்கானால் சுவை இரண்டு மடங்காகாது. அதிக நாள் கிடந்தால் மரத்தின் துவர்ப்பு மேலோங்குவதும் உண்டு. என் அனுபவத்தில், குடிப்பதற்கு 12 முதல் 15 வருடச் சரக்கே போதும். அதற்கு மேல் கொடுப்பது பெயருக்கு. மக்காலன் 1926 பாட்டில் ஒன்று 2023-ல் லண்டன் ஏலத்தில் 21 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அது குடிக்க வாங்கும் விலையல்ல.

போலிகளும் ஏராளம். 2018-ல் ஸ்காட்லாந்தில் 55 அபூர்வ பாட்டில்களைச் சோதித்ததில் 21 போலி என்று தெரிந்தது. பாதி விலைக்குத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாங்காதீர்கள். காலி பாட்டிலை பிக்ரிவாலாவிடம் போடும் முன் லேபிளைச் சுரண்டிவிடுங்கள். அந்த பாட்டிலில் வேறு எதையாவது ஊற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

என் பாட்டில் என்ன ஆயிற்று?

ஊர் திரும்பியதும் திறந்தேன். படுக்க வைத்ததால் விஸ்கி கார்க்கை அரித்திருந்தது. திருகியதும் பாதி உடைந்து உள்ளே விழுந்தது. மூன்றில் ஒரு பங்கு ஆவியாகிப் போயிருந்தது. மிச்சம் இருந்ததில் மணமில்லை, நனைந்த அட்டை வாடைதான். விஸ்கியை நிறுத்தித்தான் வைக்க வேண்டும். வெயிலும் வெப்பமும் படாத இடமாக இருக்க வேண்டும். திறந்துவிட்டால், பாட்டில் பாதிக்குக் கீழே போனதும் சில மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னபடி, ஆபத்தே இல்லாத அளவு என்று மதுவில் எதுவும் கிடையாது. ஆகவே குடிக்காதவர்கள் அப்படியே இருப்பது நல்லது. குடிப்பவர்கள் கொஞ்சமாக, நல்லதாக, நண்பர்களோடு குடியுங்கள்.

என் தஞ்சாவூர் நண்பர் 2017-ல் காலமாகிவிட்டார். அவர் கேட்ட எந்த நாளில் திறந்திருந்தாலும் அந்த பாட்டில் நன்றாகவே இருந்திருக்கும். உங்கள் பீரோவிலும் ஒன்று இருந்தால், வயதாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். வயதாவது நமக்குத்தான்.