கட்டில் இடுக்கில் ஒரு குடித்தனம்

மூட்டைப்பூச்சி கடித்து ஆள் செத்ததாகக் கேள்விப்படுவதில்லை. வீட்டுப் பூச்சிக்கு வைத்த மருந்தில் ஆள் போன செய்திதான் வருகிறது. 2025 பிப்ரவரி தொடக்கத்தில், கொழும்பில் ஒரு விடுதியில் தங்கியிருந்த இரண்டு வெளிநாட்டு இளம்பெண்கள் இறந்தார்கள். அங்கே மூட்டைப்பூச்சிக்கு மருந்துப் புகை போட்டிருந்ததால் சந்தேகம் அதன்மேல் விழுந்தது. அதற்குச் சில மாதம் முன்பு, 2024 நவம்பரில், நம் தாம்பரத்துக்குப் பக்கத்துக் குன்றத்தூரில் வீட்டுக்குள் எலிக்கு வைத்த மருந்து இரண்டு சிறு குழந்தைகளின் உயிரைக் குடித்தது. பெற்றோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. மேடவாக்கம், சேலையூர், பெருங்களத்தூர் என்று எங்கும் பிஜி விடுதிகளும் நெருக்கியடித்த அடுக்குமாடிகளும் பெருகிவிட்டன. ஒரு அறையில் மூன்று நான்கு கட்டில், பெட்டியோடு வருகிறவரும் போகிறவருமாக மூட்டைப்பூச்சிக்கு வாகான ஏற்பாடு. ராத்திரி அரித்து எடுத்த ஆத்திரத்தில் மறுநாள் கடைக்குப் போய், இருப்பதிலேயே கடுமையானதைக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

மூட்டைப்பூச்சி நோய் பரப்பும் என்ற பழி ஒன்றும் புதிதில்லை; அதில் நம் ஊருக்கும் பங்குண்டு. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போனால் வரும் கிண்டியில் 1899இல் உருவானது கிங் இன்ஸ்டிட்யூட். நூறு ஆண்டுக்கு முன்பு மூட்டைப்பூச்சியைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து ஆராய்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. காலா அசார் என்ற காய்ச்சலின் கிருமியை 1903இல் கண்டவர்களில் ஒருவர், சென்னைப் பொது மருத்துவமனை டாக்டர் சார்லஸ் டோனவன். அதைப் பரப்புவது மூட்டைப்பூச்சிதான் என்று, மெட்ராஸில் பணியாற்றிய டபிள்யூ. எஸ். பாட்டன் உறுதியாக நம்பினார். பூச்சியின் வயிற்றுக்குள் அந்தக் கிருமி உருமாறுவதை 1907இல் எழுதவும் செய்தார். வாதம் முப்பது ஆண்டுக்குமேல் இழுத்தது. கடைசியில் 1942இல், மணல் ஈயைத் தன்னார்வலர்கள்மேல் கடிக்கவிட்டுப் பார்த்து, குற்றவாளி அதுதான் என்று நிரூபித்தார்கள். மூட்டைப்பூச்சி விடுதலை. கடியால் வீட்டில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நோய் தொற்றியதாக இன்றுவரை நிரூபணம் இல்லை. அரிப்பு, சொறிந்து புண்ணாவது, தூக்கம் கெடுவது: தொல்லை இவ்வளவுதான், ஆனால் இதுவே போதும்.

வளர்ந்த பூச்சி ஐந்து மில்லிமீட்டர் சுமாருக்கு, தட்டையாக, செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். இறக்கை கிடையாது, குதிக்கவும் தெரியாது. நம் மூச்சுக்காற்றையும் உடல் சூட்டையும் மோப்பம் பிடித்து விடியற்காலை நேரத்தில் ஊர்ந்து வரும். ஐந்து பத்து நிமிடம் குடித்துவிட்டு இடுக்குக்குத் திரும்பிவிடும். முட்டை ஒரு மில்லிமீட்டர்தான், வெள்ளையாக, கட்டையோடு பசை போட்டு ஒட்டியிருக்கும். நம் வெக்கைக்கு ஆறிலிருந்து பத்து நாளில் பொரியும். ஐந்து முறை தோல் உரித்தபின் பெரிதாகும், ஒவ்வொரு உரிப்புக்கும் முன்னால் ஒரு வேளை ரத்தம் வேண்டும். சாப்பாடில்லாமல் மாதக்கணக்கில் தாங்கும். கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனால் பட்டினியில் செத்துவிடும் என்பது வெறும் ஆசை.

தடிப்பை மட்டும் வைத்து மூட்டைப்பூச்சி என்று முடிவு கட்டாதீர்கள். கொசுக்கடியும் சிரங்கும் அப்படித்தான் தெரியும். ஒரே கட்டிலில் படுத்தவர்களில் ஒருவர் மேலெல்லாம் தடித்திருக்க, இன்னொருவருக்கு ஒன்றுமே தெரியாமலும் போகலாம். டார்ச் அடித்து, மெத்தை ஓரத் தையலிலும் கட்டில் மூட்டிலும் ஸ்குரு துளையிலும் தேடுங்கள். மை வைத்தாற்போல் கறுப்புப் புள்ளிகளோ உரித்த தோலோ கிடைத்தால் ஐயமில்லை. சுவர் வெடிப்பு, காலண்டருக்குப் பின்னால், சுவிட்ச் பெட்டி, திரைச்சீலை மடிப்பு, நாடாக் கட்டிலின் மடிப்பு எல்லாம் அதன் குடியிருப்புகளே.

அது வருவது அழுக்கால் அல்ல. ரயில் பெர்த், பஸ் சீட், தியேட்டர் நாற்காலி, விடுதி அறை என்று எங்கிருந்தும் பையில் தொற்றிக்கொள்ளும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மலிவாகக் கிடைத்த பழைய கட்டிலோடும் சோபாவோடும் வரலாம். வாங்கக் கூடாது என்பதில்லை. தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்து, வீட்டுக்கு வெளியிலேயே மூட்டு மூட்டாக வெந்நீர் ஊற்றிவிட்டு உள்ளே கொண்டுவரலாம். அடுக்குமாடியில் ஒயர் போகும் துளை வழியாகவே பக்கத்து வீட்டுக்கு நகரும். வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்று ஒரு குடும்பம் மறைக்கும் இரண்டு மாதத்தில் அந்தத் தளம் முழுக்கப் பரவியிருக்கும். என்னைக் கேட்டால், மருந்தைவிட இந்தக் கூச்சம்தான் பூச்சிக்குப் பெரிய உதவி.

கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது பழைய பழக்கம். நல்ல யோசனைதான், டெங்குக் காலத்தில் அதில் கொசு முட்டையிடும் என்பதை மறக்காவிட்டால். வழவழப்பான வெற்றுக் கிண்ணத்தில் விழுந்தால் ஏற முடியாது என்று வெளிநாட்டுப் பொறிகளை இங்கேயும் விற்கிறார்கள். அவை குளிர்நாட்டு இனத்துக்காகச் செய்தவை. நம் ஊரில் அதிகம் காண்பது வெப்பமண்டல இனம். அதன் காலில் பிடிமானம் கூடுதல், வழவழப்பிலும் ஏறிவிடும். கிண்ணத்தின் உட்புறம் முகப்பவுடர் பூசினால் வழுக்கும்.

கொல்வதில் சூட்டை மிஞ்ச ஒன்றில்லை. 50 டிகிரிக்கு மேல் போனால் சில நிமிடங்களில் பூச்சியும் முட்டையும் சாகும். விரிப்பு, உறை, உடுப்பை வாஷிங் மெஷினில் 60 டிகிரி வெந்நீரில் அரை மணி ஓடவிடுங்கள், இல்லையென்றால் கொதிநீரில் ஊறவையுங்கள். தையலோரத்தில் இஸ்திரிப் பெட்டியைத் துணி கருகாமல் நிதானமாக ஓட்டலாம். மே மாத வெயிலில் கொடியில் காயப்போட்டால் மட்டும் சாகாது. கறுப்புப் பிளாஸ்டிக் பையில் மெல்லிய துணிகளைத் தளர்வாகக் கட்டி, கொதிக்கும் மொட்டை மாடித் தரையில் நடுப்பகல் முழுக்கப் போட்டுத் திருப்பிவிட்டால் பலன் உண்டு. கனமான மெத்தைக்கு இது உதவாது. மேலே சுட்டால் பூச்சி அடியிலிருக்கும் நிழலுக்கு இறங்கிவிடும். மெத்தைக்கு ஜிப் வைத்த முழு உறை போட்டு உள்ளேயே அடைத்து வைப்பதுதான் வழி.

ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு டிக்-20 என்ற மூட்டைப்பூச்சி மருந்து பாட்டில் நினைவிருக்கும். பூச்சிக்கும் மருந்துகள் நினைவிருக்கின்றன என்றுதான் சொல்ல வேண்டும். மலேரியாவுக்காக 1953 முதல் நாடு முழுக்க டிடிடி அடித்தபோது முதலில் மூட்டைப்பூச்சியும் செத்தது. பிறகு தாங்கப் பழகிக்கொண்டது. மருந்து பட்ட உறுத்தலில் வெளியே ஓடிவந்து கூடுதலாகக் கடித்தது. மருந்தடிக்க வந்தவர்களை ஜனங்கள் வாசலிலேயே மறித்த ஊர்கள் உண்டு. இப்போது கடையில் விற்கும் பைரெத்ராய்டு ஸ்ப்ரேக்களுக்கும் அதே கதிதான். புகைக்குண்டு போட்டால் பூச்சி அடுத்த அறைக்குச் சிதறிப் போகிறது.

ஆகவே ஆள் வைத்து அடிப்பதானால் சிலதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். என்ன மருந்து, உரிமம் இருக்கிறதா, எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மாத்திரை வைக்கிறேன், பொடி வைக்கிறேன், வாயுவாகிப் பரவும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள். அலுமினியம் பாஸ்பைடு தானியக் கிடங்குக்கானது, ஈரம் பட்டால் கொடிய பாஸ்பீன் வாயுவை விடும். மண்ணெண்ணெய், பெட்ரோல் தெளிப்பது தீயை விலைக்கு வாங்குவது. முட்டை பெரும்பாலும் மருந்துக்குத் தப்பிவிடும் என்பதால் பத்துப் பதினைந்து நாள் கழித்து இரண்டாம் முறை அடிக்காத ஒப்பந்தம் வீண். பிஜியானால் எல்லா அறைக்கும் ஒரே நாளில் செய்ய வேண்டும். அதை விடுதிக்காரரிடம் வற்புறுத்துவது குடியிருப்பவர் உரிமை.

இரண்டு மாதம் புதுப் புள்ளி எதுவும் தெரியவில்லையென்றால் ஒழிந்தது என்று நம்பலாம். மெத்தையைத் தூக்கிப் போடுவதென்று முடிவுசெய்தால், பிளாஸ்டிக்கில் இறுகக் கட்டி, குறுக்கே கத்தியால் கிழித்து, மூட்டைப்பூச்சி என்று பெரிதாக எழுதி வையுங்கள். நல்லதாகத் தெருவோரம் வைத்த மெத்தை இருட்டுவதற்குள் வேறொரு வீட்டுக்குப் போய்விடும்.