கிளையன்ட் ‘டேபிள்’ என்கிறார்... பேசணுமா, தள்ளிப் போடணுமா? அலுவலக ஆங்கிலம் சறுக்கும் இடங்கள்

துடியலூரில் இருந்து சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிகளுக்கு வண்டியில் போகிறவர்களுக்கும், கோவையில் இருந்து பம்ப்செட் ஏற்றுமதி செய்கிறவர்களுக்கும் பொதுவான தலைவலி ஒன்று உண்டு. வெளிநாட்டு கிளையன்ட் பேசும்போது ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்ததுதான். சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது.

தமிழிலும் இதே கதைதான். ‘சும்மா காது குத்தாதீங்க’ என்றால், புதிதாகத் தமிழ் படிக்கும் வெளிநாட்டுக்காரர் ஆசாரியைத் தேடுவார். மரபுத்தொடரைப் பிரித்துப் பார்த்தால் அர்த்தம் கிடைக்காது. அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பிடிபடும்.

பேஸ்பால் செய்த வேலை

அமெரிக்கர்கள் மீட்டிங்கில் சொல்லும் பல தொடர்கள் பேஸ்பால் விளையாட்டில் இருந்து வந்தவை. ‘டச் பேஸ்’ என்றால், சுருக்கமாகப் பேசி நிலவரம் தெரிந்துகொள்வது. ‘பால்பார்க் ஃபிகர்’ என்பதில் உள்ள ‘பால்பார்க்’, பேஸ்பால் மைதானம். அர்த்தம் என்னவோ நம்மூர் ‘குத்துமதிப்பா’தான். இதைக் கேட்கிறவருக்குப் பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டு இரண்டு நாள் கழித்து அனுப்ப வேண்டாம். தோராயமாக ஒரு தொகை சொல்லி, ‘இது இறுதி விலை அல்ல’ என்று சேர்த்தால் போதும்.

அதே ஆள் ‘ஸ்டிக்கி விக்கெட்’ என்றால், சிக்கலில் இருக்கிறார் என்பது கிரிக்கெட் பார்ப்பவருக்கு ஓரளவு பிடிபடும். மழையில் நனைந்து காய்கிற பிட்ச்சில் பேட்டிங் செய்வது அவ்வளவு கஷ்டம். ஆக, குறை ஆங்கிலத்தில் இல்லை, விளையாட்டுதான் வேறு.

ஒரே சொல், நேரெதிர் அர்த்தம்

பிரிட்டனில் ஒரு விஷயத்தை ‘டேபிள்’ செய்வது என்றால், விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்காவில் அதையே ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இந்த ஒரு சொல்லால் பிரிட்டிஷ், அமெரிக்க ராணுவ அதிகாரிகள் காரசாரமாக வாதம் செய்ததையும், இரு தரப்பும் விரும்பியது ஒன்றைத்தான் என்பது பிறகே தெரிந்ததையும் வின்ஸ்டன் சர்ச்சில் தன் போர் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். ஆங்கிலமே தாய்மொழியானவர்களுக்கே இந்த நிலை!

நம்ம ஊர் ஆங்கிலம்

சறுக்கல் நம் பக்கமும் உண்டு. ‘ப்ளீஸ் ரிவர்ட்’ என்றால் இங்கே ‘பதில் அனுப்புங்க’. வெளிநாட்டில் பலருக்கு ‘பழைய நிலைக்குத் திரும்பு’ என்றே படும். சாஃப்ட்வேரில் இன்னும் ஆபத்து; செய்த மாற்றத்தை நீக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். ‘ரிப்ளை’ என்றே எழுதிவிடலாம்.

‘2022-ல் பாஸ் அவுட் ஆனேன்’ என்று ரெஸ்யூமேயில் போட்டால், மயங்கி விழுந்ததாகப் புரிந்துகொள்வார்கள். ‘கிராஜுவேட்’ என்பதே சரி. ‘ப்ரீபோன்’ இந்தியாவில் பழக்கமான சொல். வெளியே பலருக்குப் புதிது.

இடம் பார்த்துப் பேசணும்

அர்த்தம் தெரிந்தால் மட்டும் போதாது. ‘கிக் த பக்கெட்’ என்றால் இறப்பது. அதை இரங்கல் மெயிலில் எழுதினால், துக்க வீட்டில் ‘மண்டையைப் போட்டுட்டாரா?’ என்று கேட்டது மாதிரி இருக்கும்.

புரியலைன்னா என்ன செய்வது?

புரிந்த மாதிரி தலையாட்டுவதுதான் பெரிய தப்பு. ‘அப்படின்னா வியாழக்கிழமைக்குள் தோராய விலை வேணும், சரிங்களா?’ என்று, புரிந்துகொண்டதை எளிய ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்கலாம். தவறாக இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்கள்.

‘இ.ஓ.டி.’ என்று கேட்டால், யாருடைய நாள் முடிவு என்பதையும் கேட்டுவிடுவது நல்லது. நியூயார்க்கில் மாலை 5 மணி என்றால், கோடையில் நமக்கு மறுநாள் அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30. மெயிலில் தேதி, மணி, எந்த ஊர் நேரம் என மூன்றையும் எழுதிவிட்டால், ராத்திரி தூக்கமாவது மிஞ்சும்.