மின்சாரக் கேபிளைச் சுமக்கும் இரும்பு ஏணி
எத்தனை கிலோ தாங்கும்? எத்தனை மீட்டருக்கு?

புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள குடுமியான்மலைக் கோயிலில் ஓர் ஆயிரங்கால் மண்டபம் இருக்கிறது. அங்கே வரிசை வரிசையாக நிற்கும் கல்தூண்களைப் பார்க்கும் குழந்தைகளுக்கு ஒரு சந்தேகம் வரும். "இத்தனை தூண்கள் எதற்கு? பாதியை எடுத்துவிட்டால் இடம் தாராளமாக இருக்குமே!"

பாதியை எடுத்தால் மேலே கிடக்கும் கல் உத்தரம் தாங்காது.

கல்லுக்கு ஒரு குணம் உண்டு. மேலிருந்து அமுக்கினால் பெரும் பாரத்தைத் தாங்கும். ஆனால் அதையே இரண்டு தூண்களின் மேல் கிடத்திப் பாரம் ஏற்றினால், நடுவில் வளையப் பார்க்கும். அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் விடும். பிறகு ஒடிந்துவிடும். அதனால்தான் பழைய சிற்பிகள் தூண்களை நெருக்கமாக நிறுத்தினார்கள்.

அந்தக் கணக்கு கோயிலோடு முடிந்துவிடவில்லை. ஆலைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் கூரைக்கு அடியில் ஓடுகிறதே கேபிள் ட்ரே, அதற்கும் இதே கணக்குத்தான்!

கேபிள் ட்ரே என்றால் என்ன?

வீட்டில் மின்சாரக் கம்பி, சுவருக்குள் குழாய் வழியாகப் போகிறது. ஆலையில் அப்படி முடியாது. மணிக்கட்டுப் பருமன் உள்ள கேபிள்கள் பத்து, இருபது என்று சேர்ந்து போகும். அவற்றைச் சுமப்பதற்காக நீளமான தட்டையோ ஏணியையோ கூரையிலிருந்து தொங்கவிடுவார்கள். அதுதான் கேபிள் ட்ரே. இலேசான கேபிளுக்குத் துளை போட்ட தட்டு. கனமான கேபிளுக்கு ஏணி.

திருமயத்தில் பெல் நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கிறது. 2013-ம் ஆண்டு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அந்தத் தொழிற்சாலையில் மின் நிலையங்களுக்கு வேண்டிய குழாய்கள் தயாராகின்றன. மின் நிலையத்தில் நீராவி குழாய் வழியே போகிறது. மின்சாரம் கேபிள் வழியே போகிறது. அந்தக் கேபிள்களைச் சுமந்துகொண்டு ட்ரேக்கள் அடுக்கடுக்காகப் போகின்றன.

ட்ரே சரிந்தால் என்ன ஆகும்? கீழே நிற்பவர் தலையில் விழும். கேபிளின் தோல் கிழிந்து தீப்பொறி பறக்கும். ஆலையில் வேலை நிற்கும். ஆஸ்பத்திரியில் நின்றாலோ, நோயாளியின் உயிருக்கே ஆபத்து!

ஓர் எண் போதாது

"இந்த ட்ரே மீட்டருக்கு 100 கிலோ தாங்கும்" என்று கடைக்காரர் சொல்கிறார். வாங்கிவிடலாமா?

கூடாது. அவர் சொன்னது பாதி விவரம். "எத்தனை மீட்டருக்கு ஒரு தாங்கி வைத்தால்?" என்று கேட்க வேண்டும். அதுதான் மீதிப் பாதி.

1½ மீட்டருக்கு ஒரு தாங்கி வைத்தால் மீட்டருக்கு 100 கிலோ தாங்கும் ட்ரே ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாங்கிகளை 3 மீட்டருக்கு ஒன்றாகத் தள்ளி வைத்தால் எவ்வளவு தாங்கும்? பலர் 50 கிலோ என்பார்கள். அது தவறு. சுமார் 25 கிலோதான்!

தூரம் இரு மடங்கானால், தாங்கும் சக்தி நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. அதே பாரத்தைக் குறைக்காமல் வைத்தால், நடுவில் ஏற்படும் தொய்வு 16 மடங்காகிவிடும். பத்துத் தாங்கிகளை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எண்ணும் எழுத்தும்

அமெரிக்காவில் 'நெமா' என்ற விதி வழக்கத்தில் இருக்கிறது. அதன்படி ட்ரேக்கு 8-ஏ, 12-பி, 20-சி என்று வகுப்புகள் உண்டு. எண், தாங்கிகளுக்கு இடையே உள்ள தூரம், அடிக் கணக்கு. எழுத்து, ஓர் அடி நீளத்துக்கு ஏற்றக்கூடிய எடை. ஏ என்றால் 50 பவுண்டு, பி என்றால் 75, சி என்றால் 100. ஆகவே 12-பி என்றால், 12 அடிக்கு ஒரு தாங்கி வைத்து அடிக்கு 75 பவுண்டு ஏற்றலாம். நம் கணக்கில் மீட்டருக்கு சுமார் 112 கிலோ.

ட்ரே உடைந்து விழும் பாரத்தை இந்த எடையாக எழுதுவதில்லை. அதை 1½-ஆல் வகுத்துத்தான் எழுதுகிறார்கள். சர்வதேச விதியான ஐ.இ.சி. 61537-ன்படி, சொன்ன பாரத்தைப்போல் 1.7 மடங்கு ஏற்றினாலும் ட்ரே முறியக் கூடாது. சொன்ன பாரத்தில் தொய்வு, தூரத்தில் நூறில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அதாவது 3 மீட்டருக்கு 3 சென்டிமீட்டர்.

"அதுதான் கூடுதல் பலம் இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் ஏற்றலாம்" என்று நினைப்பது ஆபத்து. அந்தக் கூடுதல் பலம் எதிர்பாராத விபத்துக்காக வைத்தது.

ஒரு சின்னக் கணக்கு

மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ள கேபிள்கள் பத்து போகின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50 கிலோ. நாளைக்கு இன்னும் மூன்று கேபிள்கள் வரலாம். அதற்கு 15 கிலோ. ஆக 65 கிலோ. ஆகவே 75 கிலோ தாங்கும் ட்ரே வாங்கலாம். நாம் தாங்கி வைக்கப் போகும் தூரத்துக்கு அந்த 75 கிலோ சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

தாங்கியையும் மறக்கக் கூடாது. 3 மீட்டருக்கு ஒரு தாங்கி என்றால், ஒவ்வொன்றின் மேலும் 195 கிலோ கேபிள் உட்காருகிறது. ட்ரேயின் எடை வேறு. கூரையில் அடித்த போல்ட் அதைத் தாங்குமா? ட்ரே பலமாக இருந்து, போல்ட் பிடுங்கிக்கொண்டால் என்ன பயன்?

ஏறி நடக்கலாமா?

ஏணி போல் இருப்பதால் சிலர் அதன் மேல் ஏறி வேலை செய்கிறார்கள். கூடவே கூடாது! 70 கிலோ எடையுள்ள ஓர் ஆள் இரண்டு தாங்கிகளுக்கு நட்டநடுவில் நின்றால், பரவலாக வைத்த 140 கிலோ பாரம் வளைப்பதுபோல் ட்ரேயை வளைக்கிறார். ஏற்கெனவே கேபிள் நிறைந்த ட்ரே அதைத் தாங்கும் என்று எப்படி நம்புவது?

காற்றும் ஒரு பாரம்

வெளியில் போகும் ட்ரேக்கு இன்னொரு பாரமும் உண்டு. அது காற்று. 2018 நவம்பர் 16-ந் தேதி வீசிய கஜா புயலைப் புதுக்கோட்டை மாவட்டத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆலங்குடி, அறந்தாங்கி, கறம்பக்குடி வட்டாரங்களில் தென்னைகள் சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்தன. நாள் கணக்கில் ஊர்கள் இருளில் மூழ்கின. மொட்டை மாடியில் மூடி போட்டு வைத்த ட்ரேயைக் காற்று கப்பல் பாயைப்போல் பிடித்துத் தூக்கும். அங்கே மூடியை இறுக்கிக் கட்டுவதும், தாங்கிகளை நெருக்கி வைப்பதும் அவசியம்.

ஐ.டி.ஐ. படித்துவிட்டு எத்தனையோ இளைஞர்கள் எலெக்ட்ரீஷியன் வேலைக்கு வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். கட்டடத்தில் ட்ரேக்கு அடியில் நிற்பவர்கள் அவர்கள்தான். "தாங்கும், ஏற்று" என்று யாராவது சொன்னால், அவர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்கத் தயங்கக் கூடாது. எத்தனை கிலோ? எத்தனை மீட்டருக்கு?

இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு கேபிளை ஏற்றலாம்.