மாறாத உருவும் பழகும் கண்ணும்: கிரேஸ் டிரேவனின் ‘ரேடியன்ஸ்’ புதினத்தில் அரச மணமும் அரக்கர் என்னும் கருத்தும்

முன்னுரை

அரசியல் உடன்பாட்டின் பொருட்டு முன்பின் அறியாத இருவர் மணமுடிக்கப்படுவதும், அவர்களுள் ஒருவர் அரக்கராக இருப்பதும் உலகக் கதைமரபில் மிகப் பழைய செய்திகள். அம்மரபில் காதல் நிறைவேறுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அரக்க உருவம் நீங்கியாக வேண்டும் என்பதே அது. அமெரிக்க எழுத்தாளர் கிரேஸ் டிரேவனின் ‘ரேடியன்ஸ்’ (2014) என்னும் காதல் மிகுபுனைவுப் புதினம் அந்நிபந்தனையை விலக்கிவிட்டு அதே கதையைச் சொல்கிறது. அவ்வாறு விலக்கியதனால் கதையில் எவை மாறுகின்றன, எவை மாறாமல் நிற்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. இவ்வகைப் புதினங்கள் பொழுதுபோக்கு எழுத்து என ஆய்வுலகில் பெரும்பாலும் ஒதுக்கப்படுகின்றன. ஆனால் பழங்கதைக் கூறுகள் இன்று உயிர்ப்புடன் இயங்குமிடங்களுள் இவை முதன்மையானவை.

உருமாற்றம் என்னும் நிபந்தனை

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அபுலேயசு இலத்தீனில் எழுதிய ‘பொற்கழுதை’ என்னும் நூலில் இடம்பெறும் சைக்கி கதை இம்மரபின் புகழ்பெற்ற எழுத்து வடிவம். அரசனின் இளைய மகளைக் கொடிய பாம்பு போன்ற மணமகனுக்கு அளிக்குமாறு அப்பல்லோவின் தெய்வவாக்கு பணிக்கிறது. சாவுச் சடங்கைப் போன்றதொரு மண ஊர்வலத்தில் அவள் மலையுச்சிக்கு அழைத்துச் செல்லப்படுகிறாள். இருளில் மட்டுமே வரும் கணவனை ஓரிரவு விளக்கொளியில் காணும்போது அங்கே பாம்பில்லை. காதல் தெய்வமாகிய குபிட் உறங்குகிறான். 1740இல் வில்நெவ் அம்மையார் பிரெஞ்சில் எழுதிய ‘அழகியும் விலங்கும்’ கதையிலும், 1756இல் போமோன் அம்மையார் அதனைச் சுருக்கி எழுதிய வடிவத்திலும் விலங்கு இளவரசனாகிறது. வில்நெவ் இன்னும் ஒருபடி மேலே சென்று, வணிகன் மகளாக வளர்ந்த நாயகியும் உண்மையில் அரசகுமாரியே எனக் காட்டுகிறார். உருவம் மட்டுமன்றிக் குலமும் சரிசெய்யப்படுகிறது.

இந்திய மரபும் இந்நிபந்தனைக்கு விலக்கன்று. மகாபாரதத்தில் இடிம்பி வீமனை விரும்பியவுடன் செய்யும் முதற்செயல் அழகிய மானுட வடிவம் கொள்வதே. அரக்க உடலோடு ஒருவரைக் காதலிக்க முடியும் என்பதைக் கதைகள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

இருபுறமும் அரக்கர்

‘ரேடியன்ஸ்’ புதினத்தில் இல்டிகோ என்பவள் மானுடரின் கௌர் நாட்டு மன்னனின் உடன்பிறந்தார் மகள். பிரிஷன் ‘கை’ எனப்படும் வேற்றினத்து அரசனின் இளைய மகன். சாம்பல்நிறத் தோல், கூர்ம்பற்கள், வளைநகங்கள், பாவையும் வெண்விழியும் இன்றி மஞ்சளாய் ஒளிரும் கண்கள் ஆகியன அவ்வினத்தாரின் அடையாளங்கள். அவர்கள் பகலில் உறங்கி இரவில் இயங்குவர். இரு நாடுகளின் உடன்படிக்கை இம்மணத்தால் உறுதிசெய்யப்படுகிறது.

இதுவரை பழைய கதையே. புதுமை அடுத்துத் தொடங்குகிறது. பிரிஷனின் கண்ணுக்கு இல்டிகோவும் அவ்வாறே அருவருப்பானவள். வெண்விழியினுள் நிறக்கருவிழி அங்குமிங்கும் அசைவது ஒட்டுண்ணி நெளிவதைப் போல அவனுக்குத் தோன்றுகிறது. அவளது வெளிறிய தோல், செஞ்சாயம் எடுப்பதற்காகக் கொதிக்க வைக்கப்படும் சிப்பியுயிரியின் சதையை நினைவூட்டுகிறது. அச்சாயம் கை இனத்தாரின் மதிப்புமிக்க வணிகப்பொருள் என்பது நோக்கத்தக்கது. நாடுகளுக்கிடையிலான பேரத்தில் கொடுக்கப்பட்ட மணமகள், மணமகனின் கண்ணுக்கு வணிகப்பொருளின் மூலமாகவே தென்படுகிறாள். ஆசிரியர் இதை அழுத்திச் சொல்வதில்லை, ஒப்புமையே சொல்லிவிடுகிறது.

மணத்திற்கு முன் இருவரும் ஒருவரையொருவர் இன்னார் என அறியாது தோட்டத்தில் சந்திக்கின்றனர். அறிந்தபின் தம் அருவருப்பை மறைக்காது சொல்லிக்கொள்கின்றனர். புதினத்தின் அச்சு இக்காட்சியே. பழைய கதைகளில் விலக்கும் ஐயமும் இருளும் ஆற்றிய பணியை இங்கு வெளிப்படைப் பேச்சு ஆற்றுகிறது. சைக்கிக்குக் கணவனைப் பார்ப்பது தடை. இல்டிகோவுக்குப் பார்ப்பதும், பார்த்ததைச் சொல்வதும் உறவின் முதற்படி. பின்னர் உணவுக் காட்சிகளில் இது நகைச்சுவையாக விரிகிறது. கை நாட்டு விருந்தின் நச்சுப்பூச்சிப் பலகாரம் அவளை நடுங்கவைக்க, மானுடர் விரும்பியுண்ணும் உருளைக்கிழங்கு அவனுக்குக் குமட்டுகிறது. அவள் விளையாட்டாகக் கண்களை மாறுகண்ணாக்கிக் காட்ட, போர்வீரனாகிய கணவன் வெருள்கிறான்.

இல்டிகோ என்னும் பெயரைப் பற்றி ஒரு செய்தி. கி.பி. 453இல் ஊணர் மன்னன் அட்டிலா இறந்தது அப்பெயருடைய பெண்ணை மணந்த இரவில். ஐரோப்பிய நினைவில் அரக்கனாகவே நிலைத்துவிட்ட ஒருவனின் கடைசி மணமகள் பெயர் இப்புதினத்தின் நாயகிக்கு அமைந்திருக்கிறது.

கண் என்னும் மையம்

அச்சத்திற்கும் அருவருப்பிற்கும் களமாக ஆசிரியர் கண்ணையே தேர்ந்துகொண்டது தற்செயலன்று. கதையின் பிற்பகுதியில் பகைவர் பிரிஷனைப் பிடித்துக் கொடுமைப்படுத்தி அவனது ஒரு கண்ணைப் பறிக்கின்றனர். தொடக்கத்தில் அவளை அச்சுறுத்திய அதே கண்ணின் இழப்பு இப்போது அவளுக்குத் துயராகிறது. அவனது உருவம் முன்னினும் சிதைந்திருக்கிறது. மரபுக்கதை வேண்டும் திசைக்கு நேரெதிராக உருமாற்றம் நிகழ்ந்திருக்கிறது. அவனை அவளுக்கு அழகனாக்கியது மந்திரமன்று, பழக்கம்.

சொல்லாய்வு இங்குச் சிறிது துணைபுரியும். அரக்கரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான ‘மான்ஸ்ட்ரம்’ என்னும் இலத்தீன் சொல் எச்சரித்தலைக் குறிக்கும் வினையடியாகப் பிறந்து, தெய்வக்குறியைச் சுட்டியது. தமிழில் ‘அணங்கு’ வருத்தும் தெய்வத்தையும் வருத்தும் அழகுடைய பெண்ணையும் ஒருங்கே குறிக்கும். திருக்குறளின் 109ஆம் அதிகாரம் ‘தகையணங்குறுத்தல்’ எனப் பெயர்பெற்றதும் அப்பொருள் பற்றியே. அச்சமும் ஈர்ப்பும் ஒரு சொல்லுள் நிற்கும் இந்நிலைக்கு அரக்கர், பூதம், பேய் ஆகிய சொற்களுள் எதுவும் ஈடாகாது. ஆயினும் அணங்கில் காண்பவன் மட்டுமே வருந்துவான். இப்புதினத்தில் காண்பவரும் காணப்படுபவரும் மாறிமாறி நிற்பதால் ‘அணங்கு’ என்பதும் முழுமையாகப் பொருந்தாது.

மிகையானவர்களின் மணம்

இப்புதினத்தின் வலுவற்ற பகுதி பிரிஷனின் தாயாகிய அரசி செக்மிஸ். உருவத்தால் எவரும் அரக்கரல்லர் என நிறுவிய ஆசிரியர், குணத்தால் முழு அரக்கியாகிய ஒருத்தியை உடனே படைத்துவிடுகிறார். அச்சொல்லைச் சிதைத்தவர் அதற்கு வேறிடம் தேடிக் கொடுத்திருக்கிறார். செக்மிஸிடம் உள்முரண் ஏதுமில்லை. கதையோட்டத்திற்குத் தேவையான தீமையாக மட்டுமே அவள் நிற்கிறாள்.

மற்றொரு வினா இதனினும் முதன்மையானது. ஏற்பாட்டுத் திருமணத்தை இப்புதினம் நியாயப்படுத்துகிறதா? இல்டிகோவிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. இருவரும் நல்லவர்களாக வாய்த்தது நற்பேறு மட்டுமே. ஆயினும் ஆசிரியர் ஒரு காரணத்தை நுட்பமாக வைத்திருக்கிறார். அவள் மன்னனின் மகளல்லள். அவன் மூத்த மகனல்லன். மூத்தவனுக்கோ மக்கள் பலர். இரு அரசுகளுக்கும் இவர்கள் மிகையானவர்கள். இரு இனத்தாரும் கூடினால் மகப்பேறு இல்லை என்பதும் எவரையும் வருத்தவில்லை. அரசுக்குப் பயனில்லாததாலேயே அவர்களது வாழ்வு அவர்களுடையதாக இருக்க முடிந்தது.

இதன் தொடர்ச்சியான ‘ஐடோலன்’ (2016) அத்தனிமையைக் குலைக்கிறது. செக்மிஸ் ஏவிய ‘கல்லா’ என்னும் பேய்க்கூட்டம் அரச குடும்பத்தை அழிக்கிறது. சுமேரியத் தொன்மத்தில் இறந்தோர் உலகிற்கு மனிதரை இழுத்துச் செல்லும் பேய்களின் பெயரும் இதுவே. பிரிஷன் அரசுரிமைக்குரியவனாகிறான், அந்நொடியே பிள்ளை பெறவியலாத மானுட மனைவி அரசியற் சிக்கலாகிறாள். முதற்புதினத்தில் அருவருப்பு பிரிக்க முடியாதவர்களை வாரிசு என்னும் தேவை பிரிக்க முனைகிறது. அண்ணனின் பெண்குழந்தை ஒன்று உயிர்தப்பியிருப்பதாகக் காட்டி, அக்குழந்தைக்கு முடியையும் பிரிஷனுக்குக் காப்பாளர் பொறுப்பையும் அளித்து ஆசிரியர் இம்முடிச்சை அவிழ்க்கிறார். அக்குழந்தை பிழைத்திராவிடில் இல்டிகோவின் நிலை என்ன என்னும் வினாவைப் புதினம் எழுப்பிவிட்டு, விடையளிக்காமலே கடந்துவிடுகிறது.