இளநிலைக் கற்பித்தல் விருதுகள்

இளநிலைக் கற்பித்தல் விருது என்பது கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ இளநிலைப் பட்ட வகுப்புகளுக்குச் சிறப்பாகப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு, அவரது ஆய்வுப் பணியை முதன்மையாகக் கொள்ளாமல், கற்பித்தலுக்காக வழங்கப்படும் விருது ஆகும். இந்திய உயர்கல்வி மாணவர்களில் பெரும்பான்மையினர் இளநிலை மாணவர்களே. நடுவண் அரசின் 2020–21 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இவர்களது பங்கு ஏறத்தாழ 79 விழுக்காடு. இருப்பினும் கல்லூரி ஆசிரியரின் பதவி உயர்வும் புகழும் நெடுங்காலமாக ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையையே பெரிதும் சார்ந்து வந்துள்ளன. விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்விருதுகள் எவ்வாறு அமைகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாறு

இந்தியாவில் தேசிய நல்லாசிரியர் விருது 1958இல் தொடங்கப்பட்டது. அது பள்ளி ஆசிரியர்களுக்கானது. 1962 முதல் சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் பிறந்த நாளான செப்டம்பர் 5 ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. தமிழக அரசு அவர் பெயரில் வழங்கும் டாக்டர் இராதாகிருஷ்ணன் விருதும் பள்ளி ஆசிரியர்களுக்கே உரியது. இராதாகிருஷ்ணனோ 1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பணியேற்று, பின்னர் மைசூர், கல்கத்தா பல்கலைக்கழகங்களில் மெய்யியல் கற்பித்த கல்லூரி ஆசிரியர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

உயர்கல்வி நிறுவனங்களுள் சில தமக்குள்ளாகவே இத்தகைய விருதுகளை ஏற்படுத்திக் கொண்டன. சென்னை இந்திய தொழில்நுட்பக் கழகம் வழங்கும் சிறீமதி மார்த்தி அன்னபூர்ணா குருநாத் விருது சிறந்த கற்பித்தலுக்கானது.

பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கல்விசார் செயல்திறன் குறியீடு என்னும் புள்ளிமுறையைக் கொண்டுவந்தது. ஆசிரியரின் பணிகளுக்கு மதிப்பெண் இட்டுப் பதவி உயர்வைத் தீர்மானிக்கும் முறை இது. கட்டுரைக்கும் கருத்தரங்குக்கும் எளிதில் புள்ளி இடலாம்; புரியாத மாணவனை ஒரு மணி நேரம் உட்காரவைத்து விளக்கியதற்கு அவ்வாறு இட இயலாது. கல்லூரிகளைப் பொறுத்தவரை இம்முறை 2018 விதிமுறைகளில் கைவிடப்பட்டு, கற்பித்தலுக்குக் கூடுதல் இடம் அளிக்கப்பட்டது.

2023இன் தேசிய விருது

2023இல் நடுவண் கல்வி அமைச்சகம் தேசிய நல்லாசிரியர் விருதை உயர்கல்வி நிறுவன ஆசிரியர்களுக்கும் பல்தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் விரிவுபடுத்தியது. விருது சான்றிதழ், வெள்ளிப் பதக்கம், 50,000 ரூபாய் ஆகியவற்றைக் கொண்டது. விண்ணப்பிப்பவர் நிரந்தரப் பணியில் இருப்பவராகவும், பட்டப்படிப்பு நிலையில் குறைந்தது 5 ஆண்டுகள் முழுநேரம் கற்பித்தவராகவும், 55 வயதுக்கு மேற்படாதவராகவும் இருத்தல் வேண்டும். பதவியில் இருக்கும் துணைவேந்தர், இயக்குநர், கல்லூரி முதல்வர் ஆகியோர் விண்ணப்பிக்க இயலாது. கற்பித்தலின் பயன், சமூகப் பணி, ஆய்வும் புத்தாக்கமும் முதலியன அளவுகோல்கள் ஆகும். முதலாண்டில் 13 பேரும் 2024இல் 16 பேரும் உயர்கல்விப் பிரிவில் விருது பெற்றனர். நாடு முழுவதற்குமான இவ்வெண்ணிக்கை மிகச் சிறியதே.

நிரந்தரப் பணி என்னும் விதி கவனிக்கத்தக்கது. தமிழகக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களாகத் தொகுப்பூதியத்தில் பணிபுரிவோர் பலர் இளநிலை வகுப்புகளையே நடத்துகின்றனர். எவ்வளவு நன்றாகக் கற்பித்தாலும் இவ்விருது அவர்களுக்கு எட்டாது.

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரம்

ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில் அமைந்த இவ்விரு ஊர்களின் சுற்றுவட்டாரத்தில் இந்திய உயர்கல்வியின் வெவ்வேறு அமைப்புமுறைகளை அருகருகே காணலாம். 1973இல் நிறுவப்பட்ட இராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றது. 2013இல் தொடங்கப்பட்ட ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. திருவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம், 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று.

நிகர்நிலைப் பல்கலைக்கழக ஆசிரியர் தம் பாடத்திட்டத்தைத் தாமே வகுக்கலாம். வினாத்தாளையும் மதிப்பீட்டு முறையையும் மாற்றிப் பார்க்கலாம். விருது விண்ணப்பத்தில் 'புதிய பாடம் உருவாக்கினேன்' என்று எழுத அவருக்கு இடமுண்டு. இணைவு பெற்ற கல்லூரியின் ஆசிரியருக்கோ பாடத்திட்டம் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. பருவத்தேர்வின் வினாத்தாளையும் பல்கலைக்கழகமே வகுக்கிறது. அவர் கையில் எஞ்சுவது வகுப்பறை மட்டுமே. பள்ளியில் தமிழ்வழியில் கணிதம் பயின்று வந்த முதலாண்டு மாணவருக்கு ஆங்கிலப் பாடநூலைத் தமிழில் விளக்கி, பின் மெல்ல ஆங்கிலக் கலைச்சொற்களுக்குக் கொண்டு செல்லும் உழைப்பு எந்தச் சான்றிதழிலும் பதிவாவதில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு அவ்வுழைப்பே படிப்பைத் தொடர்வதற்கும் இடையில் நிற்பதற்கும் உள்ள வேறுபாடாக அமைவதுண்டு. எனவே 'புத்தாக்கம்' என்னும் அளவுகோல் இரு வகை ஆசிரியர்களையும் ஒரே தராசில் நிறுக்கிறது என்று கூற இயலாது.

தேர்வு முறையும் சிக்கல்களும்

கற்பித்தலை அளக்கப் பரவலாகப் பயன்படுவது மாணவர் கருத்துக் கணிப்பு ஆகும். தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்று அவை (நாக்) 2017 முதல் மாணவர் மனநிறைவுக் கணிப்பைத் தன் மதிப்பீட்டில் சேர்த்தது. ஆயினும் மாணவர் தரும் மதிப்பெண்ணும் மாணவர் கற்ற அளவும் ஒன்றல்ல. காரல், வெஸ்ட் என்னும் இரு பொருளியலாளர்கள் அமெரிக்க வான்படைக் கல்லூரித் தரவுகளைக் கொண்டு 2010இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அங்கு மாணவர்கள் குலுக்கல் முறையில் ஆசிரியர்களிடம் ஒப்படைக்கப்படுகின்றனர். தேர்வு அனைவருக்கும் பொது. தம் பாடத்தேர்வில் மாணவரை நன்கு மதிப்பெண் எடுக்க வைத்த ஆசிரியர்கள் கருத்துக் கணிப்பிலும் உயர்ந்த மதிப்பீடு பெற்றனர். ஆனால் அவர்களின் மாணவர்கள் அடுத்தடுத்த உயர்நிலைப் பாடங்களில் பின்தங்கினர். கடினமாக அடித்தளம் இட்டவர்களுக்கு மதிப்பீடு குறைவு. அவர்களின் மாணவர்களோ பின்னர் முன்னேறினர்.

இணைவுக் கல்லூரிகளிலும் பொதுத்தேர்வு உண்டு என்பதால் தேர்ச்சி விழுக்காட்டையே அளவுகோலாகக் கொள்ளலாம் எனத் தோன்றும். அது பொருந்தாது. முதலாவதாக, மாணவர் சேர்க்கை கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். இரண்டாவதாக, பழைய வினாத்தாள்களையும் கையேட்டையும் மனனம் செய்வித்தே தேர்ச்சியை உயர்த்த முடியும். இதை நன்கு செய்பவர் திறமையற்றவர் அல்லர். ஆனால் விருது எதற்காக என்ற கேள்வி எழும்.

வகுப்பை நேரில் பார்த்தல், ஆசிரியர் தயாரித்த பயிற்சித் தாள்களையும் திருத்திய விடைத்தாள்களையும் படித்தல், படிப்பு முடித்துச் சில ஆண்டுகள் ஆன பழைய மாணவரைக் கேட்டல் ஆகியவை இவற்றினும் நம்பத்தக்கவை. இவற்றுக்கு நேரமும் ஆளும் தேவை என்பதால் விருதுக்குழுக்கள் பெரும்பாலும் காகிதத்தையே நாடுகின்றன.

பிற நாடுகளில்

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் 1959 முதல் கற்பித்தலுக்கென விருது வழங்கி வருகிறது. கனடாவில் 3எம் நிறுவன ஆதரவுடன் 1986இலும், இங்கிலாந்தில் 2000இலும் தேசியக் கற்பித்தல் தகைமைகள் தொடங்கப்பட்டன. பிரித்தானியாவில் 2016 முதல் தனி ஆசிரியருக்கன்றிக் குழுவுக்கு வழங்கப்படும் விருதும் உள்ளது. மூன்றாண்டுகளும் ஒரே துறையின் நான்கைந்து ஆசிரியர்களிடம் மாறிமாறிப் பயிலும் மாணவர்களைக் கொண்ட சிறு நகரக் கல்லூரிகளுக்கு இவ்வகை விருது கூடுதலாகப் பொருந்தும். அங்கு ஓர் இளநிலை மாணவரின் தேர்ச்சி யாரால் விளைந்தது என்று ஒருவரைச் சுட்டுவது எளிதன்று.