மராத்தி தெரியாமலே சிரிக்கலாம்

புனேயை அடுத்த பிம்ப்ரி என்றால் பழைய தலைமுறைக்குப் பென்சிலின்தான் நினைவுக்கு வரும். யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் உதவியோடு 1954-இல் இங்கே தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், நாட்டின் முதல் பொதுத்துறை மருந்துத் தொழிற்சாலை. அதன் ஆய்வாளர்கள் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிருக்கு ‘ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா’ என்று ஊரின் பெயரையே வைத்தார்கள். ஹாமைசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து அதிலிருந்து வந்தது. கிருமிக்கு மருந்து கண்டுபிடித்த ஊர் இது. தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, எதற்கெடுத்தாலும் எரிச்சல், பேச ஆளில்லை என்கிற புகார்களுக்கு இங்கே என்ன வழி என்று பார்த்தால், அதற்கும் பக்கத்திலேயே நிறைய இருக்கிறது. பெரும்பாலானவற்றுக்குக் காசு கிடையாது. வீட்டை விட்டு வெளியே வர வேண்டும், அவ்வளவுதான்.

ஷிப்ட் மாறும்போது

பிம்ப்ரி-சின்ச்வட் 1982-இல் மாநகராட்சி ஆனது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. டாடா மோட்டார்ஸ், ஆகுர்டியின் பஜாஜ் ஆட்டோ, போசரி தொழிற்பேட்டை, அவற்றுக்குப் பாகங்கள் செய்துதரும் எண்ணற்ற சிறு பட்டறைகள் என்று ஊரே ஷிப்ட் மணியில் ஓடுகிறது. இந்த வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் இரவு.

உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் இப்படி வாரத்துக்கு வாரம் திருப்பி வைக்கச் சம்மதிப்பதில்லை. இரவு வெளிச்சத்தில் மெலடோனின் சுரப்பு குறைகிறது. பகலில் படுத்தாலும் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வருகிறது. ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், செரிமானம் என ஒவ்வொன்றும் தடம் மாறுகிறது. இரவு ஷிப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதத்தக்கவற்றின் வரிசையில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் சேர்த்தது, 2019-இல் மறுபடி உறுதிசெய்தது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இரவு வேலை பார்ப்பவர் காட்டும் எரிச்சல் குணக்கேடு அல்ல, உடம்பின் முறையீடு என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்தால் பாதிச் சண்டை குறையும் என்பதற்காகச் சொல்கிறேன். ஷிப்ட் முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பால் கார்டு, ஸ்கூல் ஃபீஸ் என்று ஆரம்பிக்காமல், அவர் குளித்து ஒரு வாய் சாப்பிடும் வரை பொறுக்கலாம். ஷிப்ட் எதுவானாலும் நாளில் ஒருவேளைச் சாப்பாடாவது சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பதை வீட்டு விதியாக வைத்துக்கொள்ளலாம். அன்பு என்று பெரிய வார்த்தையில் சொல்வதெல்லாம் நடைமுறையில் இப்படித்தான் இருக்கிறது.

ஃபிளாட்டுக்குள் அடைபட்டவர்கள்

கட்கி, தேஹூ ரோடு பக்கம் ராணுவத் தொழிற்சாலைகளுக்கும் கிடங்குகளுக்கும் வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குக் கோயில் உண்டு, திருவிழா உண்டு, அக்கம்பக்கம் உண்டு. இப்போது வருகிறவர்களின் நிலைமை வேறு. மகனுக்கோ மகளுக்கோ ஹிஞ்சவாடியில் ஐ.டி. வேலை. வாகட்டிலோ பிம்ப்ளே சௌதாகரிலோ பன்னிரண்டாவது மாடியில் வீடு. பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து அம்மாவையோ அப்பாவையோ வரவழைக்கிறார்கள்.

திருநெல்வேலியில் தெருவில் இறங்கினால் பத்துப் பேரோடு பேசிய அம்மாவுக்கு இங்கே லிஃப்ட்டில் வருபவரிடம் பேச வார்த்தை இல்லை. மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. குழந்தை பள்ளிக்குப் போனபின் டி.வி. மட்டும்தான். கால் வலி, தலைசுற்றல், வயிறு மந்தம் என்று மாதம் ஒரு டாக்டரைப் பார்த்து, எல்லா ரிப்போர்ட்டும் ‘நார்மல்’ என்று வந்தபின்னும் சுகப்படாத பெரியவர்கள் பலருடைய வீட்டில் இருக்கிறார்கள். டாக்டரைப் பார்க்க வேண்டியது அவசியம்தான். ஆனால் ‘இங்கே யாரோடு பேசுகிறீர்கள்?’ என்று ஒருவராவது அவர்களைக் கேட்க வேண்டும்.

இது வெறும் ஏக்கம் என்று தள்ளிவிடக் கூடியதல்ல. அமெரிக்கப் பேராசிரியர் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் தலைமையிலான குழு 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து 2010-இல் வெளியிட்ட முடிவு இது: உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் அந்தந்த ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருந்த வாய்ப்பு, அவை நலிந்தவர்களைவிட 50 சதவீதம் கூடுதல். உலகில் ஆறில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது, ஆண்டுக்கு 8.7 லட்சம் மரணங்களோடு அதற்குத் தொடர்பிருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2025-இல் கணித்தது.

பூங்காவில் ஒரு ‘ஹோ ஹோ ஹா ஹா ஹா’

மொழி தெரியாத அம்மாவை எங்கே அழைத்துப்போவது? என் யோசனை, ஹாஸ்ய கிளப்.

மும்பை மருத்துவர் மதன் கட்டாரியா 1995 மார்ச்சில் அந்தேரியின் லோகண்ட்வாலா பூங்காவில் நாலைந்து பேரைக் கூட்டிவைத்துத் தொடங்கியது இது. ஆரம்பத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் ஜோக் சொன்னார்கள். சில நாள்களில் நல்ல ஜோக்குகள் தீர்ந்துபோய், மிச்சமிருந்தவை பெண்களை முகம் சுளிக்க வைத்தன. அப்போதுதான் ஜோக்கே வேண்டாம், காரணமில்லாமல் சிரிப்போம் என்று மாற்றினார். கை தட்டல், மூச்சை இழுத்து விடுதல், ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துப் பொய்யாகச் சிரிக்கத் தொடங்குதல். பொய்ச் சிரிப்பு சில நிமிடங்களில் நிஜமாகிவிடுகிறது. இன்று பல நாடுகளில் இது நடக்கிறது. புனேயில் ‘நவசைதன்ய ஹாஸ்யயோக் பரிவார்’ போன்ற அமைப்புகள் இதை அக்கம்பக்கத்துப் பூங்காக்களில் ஊன்றிவிட்டன. காலை நடைக்குப் போகிறவர்களைக் கேட்டால் உங்கள் பகுதியில் எங்கே என்று சொல்வார்கள்.

ஜோக்கை விட்டதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. ஜோக் புரிய மொழி வேண்டும், ‘ஹோ ஹோ, ஹா ஹா ஹா’வுக்கு வேண்டாம். மராத்தி ஆஜிகள் (பாட்டிகள்) வட்டமாக நிற்கும் இடத்தில் ஒரு தமிழ்ப் பாட்டி நுழைந்து முதல் நாளே கூட்டத்தில் ஒருவராகக் கூடிய இடம் இந்த ஊரில் வேறு எது? முதல் வாரம் வெட்கமாக இருக்கும். பின்வாங்கத் தோன்றும். பேரனையோ மருமகளையோ கூட அழைத்துப்போனால் அந்த வெட்கம் எளிதாகப் போய்விடும்.

சிரிப்பால் உடம்புக்கு என்ன கிடைக்கிறது? அமெரிக்கப் பத்திரிகையாசிரியர் நார்மன் கசின்ஸ், முதுகெலும்பை இறுக்கும் நோயில் கிடந்தபோது நகைச்சுவைப் படங்களைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்ததாகவும், பத்து நிமிடச் சிரிப்பு இரண்டு மணி நேர வலியில்லாத தூக்கம் தந்ததாகவும் எழுதினார். 1976-இல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த அந்தக் கட்டுரைதான் பலரையும் இந்தப் பக்கம் திரும்ப வைத்தது. ஆனால் அது ஒரு மனிதரின் அனுபவம், சிகிச்சைக்குச் சான்று ஆகாது. ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் குழு 2011-இல் வெளியிட்ட சோதனை இன்னும் உறுதியானது. நகைச்சுவைக் காட்சி பார்த்துச் சிரித்தவர்களின் கையில் உறைகுளிர் உறையை மாட்டிப் பார்த்ததில், முன்பைவிட அதிக நேரம் தாங்கினார்கள். வாய்விட்டுச் சிரிக்கும்போது வயிறும் விலாவும் வேலை செய்வதால் எண்டார்ஃபின் சுரக்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போது ஏறக்குறைய 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்று ராபர்ட் பிராவைன் என்ற அமெரிக்க உளவியலாளர் கவனித்துச் சொல்லியிருக்கிறார். ஆக, செல்போனில் வடிவேலு காட்சி பார்ப்பது நல்லதுதான், பூங்காவுக்கு அது மாற்றாகாது.

குடலிறக்கம், அண்மையில் வயிற்று அறுவை, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் பலமாகச் சிரிக்கும் பயிற்சியில் இறங்க வேண்டாம். சிரித்தால் சிறுநீர் கசியும் பெண்கள் வெளியே சொல்லாமல் ஒதுங்கிவிடுவார்கள். அதற்கு எளிய தசைப் பயிற்சி உண்டு, மருத்துவரிடம் கேட்டால் சொல்லித்தருவார்.

எரவாடாவில் ஒரு வீடு

அன்பைப் பற்றி எழுதினால் கட்டுரை உபதேசமாகிவிடும் அபாயம் உண்டு. அதனால் பக்கத்து ஊர்க் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

1980-களில் புனே இளைஞர்களிடையே பிரவுன் சுகர் என்ற போதைப்பொருள் பரவியபோது, மருத்துவம் படித்துவிட்டு எழுத்தாளரான அனில் அவசட் அந்தக் குடும்பங்களைத் தேடிப்போய் மராத்திப் பத்திரிகையில் தொடராக எழுதினார். அவர் மனைவி சுனந்தா, எரவாடா மனநல மருத்துவமனையில் மனநல மருத்துவர். தொடரைப் படித்துக் கலங்கியவர்களில் ஒருவர் பு. ல. தேஷ்பாண்டே. மகாராஷ்டிரத்தையே சிரிக்க வைத்த எழுத்தாளர். அவரும் மனைவி சுனிதாவும் பணம் தந்து ஊக்கப்படுத்த, 1986-இல் ‘முக்தாங்கண்’ போதை மீட்பு மையம் பிறந்தது.

அடிமையானவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல் நோயாளியாகப் பார்ப்பது, குடும்பத்தையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசுவது, மீண்டவரே அடுத்தவருக்குத் துணை நிற்பது என்று அந்த மையம் வளர்ந்தது. சுனந்தா 1997-இல் புற்றுநோயில் இறந்தார், அனில் 2022-இல். மகள் முக்தா புண்தாம்பேகர் நடத்திவருகிறார். மருந்து, ஆலோசனை, ஒழுங்கு எல்லாம் அங்கே உண்டு. அன்பு அவற்றுக்குப் பதிலாக வந்துவிடவில்லை, அவை வேலை செய்ய இடம் கொடுத்தது. குடிக்கு அடிமையான கணவரை வைத்துக்கொண்டு ‘பாசமாக இருந்தால் திருந்திவிடுவார்’ என்று வருடக்கணக்கில் காத்திருக்கும் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாசம் அவரை மையத்தின் வாசல் வரை கூட்டிப்போகட்டும்.

லோனாவாலா லோக்கலில் தியானம்

தியானத்தை அறிவியல் கருவிகளோடு அணுகிய முதல் இந்திய முயற்சிகளில் ஒன்று பிம்ப்ரி ஸ்டேஷனில் லோக்கல் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. சுவாமி குவலயானந்தர் லோனாவாலாவில் 1924-இல் நிறுவிய கைவல்யதாமம். ஆசனமும் பிராணாயாமமும் செய்யும்போது உடம்புக்குள் நடப்பதை எக்ஸ்ரே வைத்துப் பார்த்தவர் அவர். ‘யோக மீமாம்சா’ என்ற ஆய்விதழையும் அதே ஆண்டு தொடங்கினார்.

அதே பாதையில் தேஹூ ரோடு வரும். பர்மாவின் ரங்கூனிலிருந்து வந்த புத்தர் சிலையை அம்பேத்கர் 1954 டிசம்பர் 25 அன்று அங்கேதான் நிறுவினார். பர்மாவிலிருந்தே வந்த இன்னொன்று விபாசனா என்ற தியான முறை. கடும் ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடி 1955-இல் ரங்கூனில் இதைக் கற்ற வணிகர் எஸ்.என். கோயங்கா 1969-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். ஆளந்தி அருகே மார்க்கல் கிராமத்தில் இதற்கு ஒரு மையம் இருக்கிறது. பத்து நாள் பேசாமல் இருக்க வேண்டும். கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம்.

ஆனால் முதல் படியாகப் பத்து நாள் மௌனத்துக்கு ஓட வேண்டியதில்லை. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து மூக்கு வழியாக நாலைந்து நொடி மூச்சை இழுத்து, ஐந்தாறு நொடியில் மெதுவாக விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கு. வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பின் செயல் கூடி இதயத் துடிப்பு தணிகிறது. பத்து நிமிடம் போதும். இரவு ஷிப்டுக்காரர்கள் வீடு வந்து படுப்பதற்கு முன் செய்யலாம். திரையை இழுத்துவிட்டு அறையை இருட்டாக்கிக்கொள்வதும் அந்தப் பத்து நிமிடத்தின் பகுதிதான். மனம் அலைந்தால் அலையட்டும், மூச்சுக்குத் திரும்பினால் சரி.

தியானம் இதய நோய் ஆபத்தைக் குறைக்க ஓரளவு உதவக்கூடும், வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2017-இல் சொன்னது. அதற்கு மேல் வாக்குறுதி தருகிற யாரையும் நம்ப வேண்டாம். கடும் மனச்சோர்வு, மனச்சிதைவு, பழைய அதிர்ச்சியின் பாதிப்பு உள்ளவர்களுக்கு நீண்ட மௌனத் தியானம் நிலைமையை மோசமாக்கக் கூடும். அவர்கள் முதலில் மனநல மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது என்பவர்களுக்கு நடை இருக்கிறது. ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரம் நோக்கி, மராத்தி பக்திக் கவி துகாராமின் பல்லக்கு தேஹூவிலிருந்து கிளம்பி ஆகுர்டியில் தங்குகிறது. அந்த நாளில் சாலையோரம் தண்ணீரும் வாழைப்பழமும் நீட்டிக்கொண்டு நிற்பவர்களில் தொழிற்சாலைச் சீருடைக்காரர்களும் இருப்பார்கள். பல்லக்கோடு பாடிக்கொண்டு போகும் குழுவான திண்டியோடு கொஞ்ச தூரம் தாளத்துக்கு அடி வைத்து நடந்தால் போதும். அதற்கும் மராத்தி தேவையில்லை.

எப்போது உதவி கேட்பது

இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க மனம் கனத்திருந்தால், பிடித்த வேலையிலும் ருசி போய்விட்டால், தூக்கமும் பசியும் கெட்டால், சாகலாம் என்ற எண்ணம் ஒருமுறையேனும் வந்தால், சிரிப்பும் மூச்சுப் பயிற்சியும் போதாது. பிம்ப்ரியிலேயே மாநகராட்சியின் யஷ்வந்த்ராவ் சவான் நினைவு மருத்துவமனை இருக்கிறது. மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தியானம் தொடங்கிவிட்டோம் என்று தாமாக நிறுத்தக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரைக்கும் அதே விதி.

மராத்தியிலோ இந்தியிலோ மனக்கஷ்டத்தைச் சொல்ல வராதவர்களுக்கு, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ இருக்கிறது. எண் 14416. கட்டணம் கிடையாது. தமிழிலும் பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், இரவு ஷிப்டின் டீ பிரேக்கிலும்கூட.