கடல் கடந்த கல்வியும் தோட்டத்துக் குடும்பமும்

மலையகத்திலே கல்வி வேட்கை வளர்ந்து வருவது கண்டு மகிழாதார் இலர். கொழுந்துக் கூடை சுமந்த தாய், தன் மகளேனும் புத்தகம் சுமக்கட்டும் என்று உறுதி பூணுகிறாள். உயர்தரத்தில் தேறிய பிள்ளையோ, "வெளிநாட்டில் படித்தால் என்ன?" என்று கேட்கிறது. குறைந்த செலவில் பட்டம் என்னும் விளம்பரங்களும் கண்முன் நிற்கின்றன. ஆசை நியாயமானதே; ஆயினும் ஆழம் அறிந்து காலை விடுவதே அறிவுடைமை.

கடல் கடந்து கற்பது நம்மவர்க்குப் புதிதன்று. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தவரே. ஆனால் ஒரு வேற்றுமையை நாம் மறத்தலாகாது. காணியுள்ள குடும்பம் அதனை ஈடு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கலாம். தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தும் வீட்டுக்கு உறுதிப்பத்திரம் இல்லாத குடும்பம் எதனை ஈடு வைக்கும்? தாயின் கழுத்து நகையும் தந்தையின் சேமலாப நிதியுமே அதன் முதல். அம்முதல் ஒருமுறை போனால் மீள்வது அரிது.

'இலவசக் கல்வி' என்னும் சொல்லையும் அளந்து பார்த்தல் வேண்டும். ஜேர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவரிடமும் கற்பித்தற் கட்டணம் வாங்குவதில்லை. எனினும் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குரிய பணத்தை முன்கூட்டியே வங்கியிற் காட்டியாக வேண்டும். இத்தொகை 2024 செப்டெம்பரில் 11,904 யூரோ என வகுக்கப்பட்டது. யூரோவை 300 ரூபா என்று குறைத்து மதித்தாலும் இது 35 இலட்சத்தைத் தாண்டும். அதே ஆண்டில் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. ஒரு சதமும் செலவழியாமல் மாதம் 25 நாள் வேலை செய்தாலும், அத்தொகையைச் சேர்க்க ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் செல்லும்! கட்டணம் இல்லை என்பது செலவு இல்லை என்பதாகாது.

நாணய மதிப்பும் நம் கையில் இல்லை. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற அமெரிக்க டொலர், சில மாதங்களுக்குள் 360 ரூபாவை எட்டியது. அயல்நாட்டில் மகன் நடுப்படிப்பில் இருக்கையில் இத்தகைய இடி விழுந்தால், மாதந்தோறும் பணம் அனுப்பும் குடும்பம் என் செய்யும்?

அங்ஙனமாயின் வழியே இல்லையா? உண்டு. இந்திய அரசின் புலமைப்பரிசில்கள் அவற்றுள் முதன்மையானவை. நேரு நினைவுப் புலமைப்பரிசில் இளநிலைப் பட்டத்துக்கும், மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் முதுநிலைப் பட்டத்துக்கும் உரியன. கற்பித்தற் கட்டணத்தோடு மாதப் படியும் இவற்றிற் கிடைக்கும். ஆண்டுதோறும் இந்திய உயர்ஸ்தானிகராலயம் விடுக்கும் அறிவித்தலைத் தவறாது பார்த்தல் வேண்டும். 1959இல் வகுக்கப்பட்ட பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டம் மேற்பட்டப் படிப்பை நாடுவோர்க்குப் பெருந்துணை. வீட்டிலிருந்தே லண்டன் பட்டம் பெறும் வெளிவாரி முறை 1858 முதல் இருந்து வருகிறது. அதன் கட்டணம் மலிவன்று. ஆயினும் பயணச் செலவும் பிறநாட்டு வாழ்க்கைச் செலவும் மிஞ்சும்.

எல்லாவற்றிற்கும் முன்னர் வீட்டு வாசலை நோக்குவோம். நம் நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் முதற் பட்டக் கல்வி இலவசம். வாய்ப்புக் குறைந்தவை எனக் கணிக்கப்பட்ட மாவட்டங்களுள் நுவரெலியாவும் ஒன்றாதலால் அதற்கெனத் தனி ஒதுக்கீடும் உண்டு. மகாபொல உதவியும், 1947இல் தோன்றிய தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியத்தின் உதவியும் உள. முதற் பட்டத்தை இங்கே முடித்து, மேற்பட்டத்துக்குப் புலமைப்பரிசிலுடன் கடல் கடப்பதே வசதி குறைந்த குடும்பத்துக்கு ஏற்ற நெறி என்பது நம் துணிபு.

வெளிநாடே வேண்டும் என்போர் முற்பணம் கட்டுமுன் சில வினாக்களுக்கு விடை காண வேண்டும். அப்பட்டத்தை நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்குமா? மருத்துவமாயின், கல்லூரிக்கு இலங்கை மருத்துவ சபையின் அங்கீகாரம் உண்டா? மருத்துவம் கற்றுத் திரும்பியோர் இங்கு ஒரு தேர்விலும் தேற வேண்டும் என்பதை நினைவிற் கொள்க. கடைசி ஆண்டு வரை மொத்தச் செலவு எவ்வளவு? விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்புமா? முகவரின் வாய்மொழியை நம்பாது, விடைகளைப் பல்கலைக்கழகத்திடமிருந்தே எழுத்திற் பெறுதல் நன்று.

பத்திரங்களையும் இன்றே எடுத்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் பரீட்சைச் சான்றிதழில் வேறு எழுத்தும் இருப்பது தோட்டங்களிற் புதுமையன்று. அதனைத் திருத்த மாதக்கணக்கிற் காலம் செல்லலாம்; விண்ணப்ப நாளோ காத்திராது.

பிள்ளையின் கனவைத் தடுக்க நாம் இதனை எழுதவில்லை. தாயின் நகை அடகுக் கடையில் மூழ்காமலே மகள் பட்டதாரியாக வேண்டும். அதற்கு வேண்டிய கணக்கை வழியனுப்பும் நாளுக்கு முன்னரே குடும்பத்தார் கூடியிருந்து போட்டுப் பார்ப்பாராக.